சோதனை வரிசையில் பொற்கொடி

பூரிக்கட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு பொற்கொடி பாலுசாமிக்கு முன்னால் நின்றாள்.

"கையத் தூக்குங்க."

நாற்காலியில் உட்கார்ந்தபடியே அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். பூரிக்கட்டை தோளைத் தடவி, விலாவில் இறங்கி, இடது அடிவயிற்றுக்கு மேலே வந்து நின்றது.

"இது என்னன்னு கேப்பாங்க. என்ன சொல்லோணும்?"

"ஒண்ணுமில்லீங்க."

"அதைத்தான் சொல்லக் கூடாதுன்னு மூணு நாளாச் சொல்றேன்."

"வாய்ல தானா வருது அம்மணி. ஆரு என்ன கேட்டாலும் ஒண்ணுமில்லீங்கன்னு சொல்லியே பழக்கமாயிருச்சு."

"ஒண்ணுமில்லைன்னா அவங்க சந்தேகப்படுவாங்க. கையில தட்டுப்படுது, வாய் இல்லைங்குது. விடுவாங்களா? மெடிக்கல் பேக், பிரைவேட் ரூம். ரெண்டே ரெண்டு சொல்லு. எங்க, இன்னொருக்கா."

"மெடிக்கல் பேக். பிரைவேட் ரூம்," என்றார் பாலுசாமி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல. பிறகு, "பூரிக்கட்டைய வெச்சு ஆளைச் சோதிக்கறவ நீ ஒருத்திதான்" என்று சிரித்தார்.

பாலுசாமிக்கு எழுபத்தாறு வயது. பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பும் கொப்பரைக் களமும் வைத்திருந்தவர். ஆறு மாதங்களுக்கு முன்பு பெருங்குடலில் புற்றுநோய் என்று வெட்டி எடுத்து, வயிற்றில் ஒரு வழி வைத்துவிட்டார்கள். மலம் அந்த வழியாக வந்து, வயிற்றோடு ஒட்டியிருக்கும் ஒரு பையில் சேரும். அதைக் காலி செய்வது, கழுவுவது, நான்கு நாளைக்கு ஒருமுறை தோலில் ஒட்டும் பிளேட்டை மாற்றுவது எல்லாம் பொற்கொடியின் வேலை. அறுவைக்குப் பிறகு அவர் சரவணம்பட்டியில் மகன் கிருபாசங்கரின் வீட்டுக்கு வந்துவிட்டார். கிருபாசங்கர் ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்தான். ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட அவன் அந்தப் பையைப் பார்த்ததில்லை. பொற்கொடி துணியும் வாளியுமாக அறைக்குள் நுழைந்தால் அவனுக்கு உடனே ஏதாவது ஒரு போன் வந்துவிடும்.

பொற்கொடி வால்பாறையில் எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள். அம்மா தேயிலை பறித்தாள். பத்தாம் வகுப்பு முடித்து, கல்யாணமாகி, குடிகாரனோடு ஒன்பது வருடம் இருந்து, ஒரு நாள் காலை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே மகன் கௌதமனோடு கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்டாள். அப்போது வயது முப்பத்தொன்று. வீட்டு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதப் பயிற்சி படித்தாள். படுக்கைப்புண் வராமல் புரட்டுவது, மூக்குக் குழாயில் கஞ்சி விடுவது, மூத்திரக் குழாயை அடைப்பில்லாமல் வைப்பது, செத்தவருக்கு வாய் கட்டுவது எல்லாம் கற்றுக்கொண்டாள். இப்போது ஐம்பத்தெட்டு. கௌதமன் திருப்பூரில் லேப் டெக்னீசியன். இருபத்தேழு வருடத்தில் முப்பத்து மூன்று நோயாளிகளைப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்சியில் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே சொல்லி விடுவார்கள்: வேலை சுத்தம், ஆனால் கோபக்காரி.

அந்தக் கோபம் நோயாளிகள்மேல் ஒரு நாளும் போனதில்லை. அவர்கள் மேலே துப்பினாலும் துடைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்ப்பாள். வீட்டு ஆட்கள்மேல்தான் வரும். மருந்து நேரத்தைக் காலண்டரில் எழுதி மாட்டிவிட்டுப் போனால் அந்தக் காலண்டரையே கிழித்துச் சாமான் மடிப்பவர்கள்மேல் வரும். அவள் எடுத்த வாளியைத் தொடமாட்டேன் என்று காலால் தள்ளுபவர்கள்மேல் வரும். இந்த வீட்டில் அவளுக்குத் தனி டம்ளர். முதல் நாளே பார்த்தாள். தன் டம்ளரைத் தானே கழுவி, தன் பையிலேயே வைத்துக்கொண்டாள்.

கிருபாசங்கரின் மகள் ரித்திகா மும்பையில் வேலை பார்த்தாள். அங்கேயே குடியேறிய நம்மூர்க் குடும்பத்துப் பையன் ஒருவனோடு பேச்சு முடிகிற நிலைக்கு வந்திருந்தது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போக வேண்டும். "பெரியவர் வராம எப்படிங்க?" என்று பையனின் தாய்மாமன் பாலகோபால் சொல்லிவிட்டார். அவரும் கோயம்புத்தூர்க்காரர்தான். அதே விமானத்தில் கூடவே வருவதாகவும் சொன்னார். அதுதான் கிருபாசங்கருக்கு வினை. அப்பாவின் வயிற்றில் பை இருப்பது சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. "குடல் எறக்கம், ஆபரேஷன் பண்ணியாச்சு" என்பதே ஊருக்குச் சொன்ன கதை.

பொற்கொடிக்கு ஒரே கவலைதான். நாலு பேர் பார்க்க அந்த மனிதரின் சட்டையைத் தூக்க வைத்துவிடக் கூடாது. இதற்கு முன் நான்கு நோயாளிகளை விமானத்தில் கூட்டிப்போனவள் அவள். சக்கர நாற்காலியில் வருபவர்களைக் கையாலேயே தடவிச் சோதிப்பார்கள் என்று தெரியும். ஆண்கள் வரிசை வேறு, பெண்கள் வரிசை வேறு. அந்த இடத்தில் அவள் அவர்கூட நிற்க முடியாது. அதனால்தான் பூரிக்கட்டை ஒத்திகை.

மற்ற ஏற்பாடுகளும் செய்தாள். டாக்டரிடம் போய் முத்திரையோடு கடிதம் வாங்கினாள். கத்தரிக்கோலைக் கையில் கொண்டுபோக விடுவார்களோ மாட்டார்களோ என்று, பிளேட்டுகளை வீட்டிலேயே அளவாக வெட்டினாள். பேஸ்ட் சின்ன டியூப்தான் வாங்கினாள். மேலே போனால் பையில் காற்று உப்பும் என்பதால் முந்தின நாளிலிருந்தே வெங்காயம், மொச்சை, சோடா எல்லாவற்றையும் நிறுத்தினாள். பிளேட்டு, பை, பவுடர், பஞ்சு, கடிதம் எல்லாவற்றையும் ஒரு கைப்பையில் அடுக்கி ஜிப்பை இழுத்து மூடி, கிருபாசங்கரைக் கூப்பிட்டாள்.

"சார், லெட்டர் இந்த முன் ஜிப்புல இருக்குதுங்க. சோதனை வரிசையில நீங்க அப்பாகூடவே நிக்கோணும். நாற்காலி போனாப் பின்னாலயே போங்க. அவரு தடுமாறுனா லெட்டர நீட்டுங்க. ஒரு நிமிசத்து வேலை."

"சரி சரி, எல்லாம் எனக்குத் தெரியும்."

அவனுக்கு என்ன தெரிந்தது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் காலை பொற்கொடி பாலுசாமியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மருமகள் நந்திதா அந்தக் கைப்பையைத் திறந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு முதல்முறை போகிறார்கள். தோப்புத் தேங்காய் கொண்டுபோகாமல் எப்படிப் போவது? பெரிய பெட்டியில் போட்டால் உடைந்துவிடும். உடைந்த தேங்காயோடு நல்ல காரியத்துக்குப் போக முடியுமா? கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நல்ல காரியத் தேங்காயும் அந்தச் சாமானமும் ஒரே பையில் இருப்பதாவது! எல்லாவற்றையும் ஒரு பாலிதீன் கவரில் கட்டிப் பெரிய பெட்டிக்குள் தள்ளினாள். கைப்பையில் குடுமியோடு ஏழு தேங்காய்களும் மஞ்சளும் இரண்டு அச்சு வெல்லமும் ஏறின. கடிதம் மட்டும் வெளியே கிடந்தது. கிருபாசங்கர் அதை எடுத்துப் பார்த்தான். மேலேயே பெரிய எழுத்தில் ஆபரேஷனின் பெயர். பாலகோபால் பக்கத்தில் நிற்கும்போது இதை நீட்டுவதா? அதையும் பெரிய பெட்டிக்குள் போட்டான்.

பொற்கொடியிடம் ஒருவரும் சொல்லவில்லை. கைப்பையை நந்திதாவே தோளில் மாட்டிக்கொண்டாள். ஒருமுறை வாங்கித் திறந்து பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அந்தத் தப்பு தன்னுடையது என்று பொற்கொடி இன்றைக்கும் சொல்வாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

விமான நிலையத்தில் பாலகோபால் முன்பே வந்து நின்றார். ஐம்பது வயது, நல்ல தொப்பை, வாய் ஓயாத மனிதர். "ஏனுங்க மாமா, சௌக்கியங்களா? நாற்காலியில ராசா மாதிரி உக்காந்துட்டீங்க" என்றார். பாலுசாமி கும்பிட்டார். பெரிய பெட்டி எடைபோட்டு உள்ளே போனது. சோதனைக்கு நகர்ந்தார்கள்.

பெண்கள் பக்கம் திரை போட்ட சின்ன மறைப்பு. பொற்கொடி உள்ளே போய்க் கையைத் தூக்கி, திரும்பி, அரை நிமிடத்தில் வெளியே வந்தாள். வந்ததும் எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

பாலுசாமியின் நாற்காலி ஓரமாக நின்றது. கையுறை போட்ட ஒரு பாதுகாப்புக்காரர் குனிந்து அவர் இடது அடிவயிற்றில் கையை வைத்திருந்தார். பத்தடி தள்ளிப் பாலகோபால் தட்டிலிருந்து பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். பாலுசாமியின் கண் அவர்மேலேயே இருந்தது. பாதுகாப்புக்காரர் ஏதோ கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றார் பாலுசாமி.

அந்த ஆள் மறுபடியும் அழுத்திப் பார்த்தார். பக்கத்தில் இருந்த இன்னொருவரைக் கூப்பிட்டார். இரண்டாமவர் கையைக் கீழிருந்து மேலே ஆட்டிச் சட்டையைத் தூக்கச் சொன்னார். பாலுசாமியின் கை சட்டை நுனியைப் பிடித்தது.

கிருபாசங்கர் எங்கே என்று பொற்கொடி தேடினாள். அவன் பாலகோபாலுக்கு முன்னால் நின்றுகொண்டு மும்பையில் மழை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தான். அப்பா இருக்கும் திசை பாலகோபாலுக்குத் தெரியாதபடி முதுகை அகலமாக வைத்து மறைத்திருந்தான்.

"ஐயா, சட்டையத் தூக்காதீங்க!"

வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பொற்கொடி அதைப் பார்க்கவே இல்லை. "தனி ரூம் கேளுங்க! சொல்லிக் குடுத்தனே, கேளுங்க!"

பாலுசாமி பாலகோபால் நின்ற பக்கமே பார்த்தார்.

கைப்பையில்தானே கடிதம் என்று அவள் எக்ஸ்ரே பெல்ட்டுப் பக்கம் பாய்ந்தாள். கைப்பை தனியே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒரு அலுவலர் அதிலிருந்து தேங்காயை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். "இதக் கொண்டுபோக முடியாதும்மா" என்று அவர் சொல்ல, நந்திதா, "எங்க தோப்புக் காய்ங்க, நல்ல காரியத்துக்குங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். பொற்கொடி முன் ஜிப்பைத் திறந்தாள். மஞ்சள் கிழங்கு இருந்தது.

"லெட்டர் எங்கீங்க?"

"அவருதான் பெரிய பெட்டியில வெச்சாரு."

"சாமானம்?"

நந்திதா தேங்காயைப் பார்த்தாள்.

திட்டுவதற்கு நேரமில்லை. தன்னைச் சோதித்த பெண் அதிகாரியிடம் திரும்பினாள். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியும். பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"அம்மா, அந்தப் பெரியவருக்குக் குடல்ல ஆபரேஷன். வயித்துல மோஷன் பை இருக்குது. அழுத்துனாக் கசியும். இங்க வெச்சுச் சட்டையத் தூக்கச் சொல்றாங்க. தனி ரூம்ல பாக்கச் சொல்லுங்க. லெட்டர் இருக்குது, இந்தப் புத்திசாலிக பெட்டியில போட்டுட்டாங்க."

அந்தப் பெண் ஒரு வார்த்தை அதிகம் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் போய்ப் பேசினாள். இரண்டு பேரும் உடனே கையை எடுத்தார்கள். திரும்பி வந்து, "தனி அறை இருக்கு. ஆனா ஆம்பளை யாராவது கூட வரணும். நீங்க போக முடியாது" என்றாள்.

அவர்கள்மேல் பொற்கொடிக்குக் கோபம் இல்லை. கையில் தட்டுப்பட்டதைக் கேட்பது அவர்கள் வேலை. அவள் நேராகக் கிருபாசங்கரிடம் போனாள்.

"சார், உங்கப்பாகூட உள்ள போங்க."

"நீ போயேன். உனக்குத்தான எல்லாம் தெரியும்."

"ஆம்பளைங்க ரூம். என்ன விடமாட்டாங்க."

"நான் போய் என்ன பண்ணப் போறேன்?"

"பக்கத்துல நில்லுங்க. அது போதும். பெத்த பையன்னு அவரு கண்ணுக்குத் தெரியட்டும்."

பாலகோபால் பெல்ட்டில் கையை வைத்தபடி மாறி மாறிப் பார்த்தார். கிருபாசங்கரின் முகம் சிவந்தது. போனான்.

எட்டு நிமிடம் ஆனது. பொற்கொடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கதவு திறந்து நாற்காலி வந்தபோது பாலுசாமியின் சட்டையில் பித்தான்கள் மாறிப் போட்டிருந்தன. கூடவே லேசாக ஒரு வாடை. அந்த வாடை அவளுக்குப் போதும். பிளேட்டின் ஓரம் எழும்பிவிட்டது. விமானத்தில் ஏறுவதற்குள் மாற்றியாக வேண்டும்.

கிருபாசங்கர் அவள் பக்கத்தில் வந்து பல்லிடுக்கில் பேசினான். "இத்தன பேருக்கு முன்னால கத்தி மானத்த வாங்கிப்போட்டியே."

"உங்க மானம் பெரிய பெட்டியில பத்திரமா இருக்குதுங்க. அவரோடதுதான் இங்க போகப் பாத்துச்சு."

"வாய அளந்து பேசு."

"நீங்க பையத் தொறந்து பாத்த கையோட என்னையும் கூப்புட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அளந்தே பேசியிருப்பேன். ஆறு மாசமா ஒரு மனுசன் வயித்துல என்ன இருக்குதுன்னு பாக்காத ஆளு, அவரு சாமானத்தத் தொட உங்களுக்கு என்ன உரிமை இருக்குது? தேங்காய் உடையக் கூடாது, சொந்தக்காரர் பாக்கக் கூடாது. அப்பன் மட்டும் ஆஸ்பத்திரியில மாதிரி நடு வரிசையில சட்டையத் தூக்கலாம். அப்படித்தானுங்களே?"

"ஏனுங்க, என்னாச்சுங்க மாமா?" என்று பாலகோபால் நெருங்கி வந்தார்.

கிருபாசங்கர் முந்திக்கொண்டான். "ஒண்ணுமில்லீங்க. குடல் எறக்கத்துக்குப் பெல்ட்டுப் போட்டிருக்காரு. அதான்—"

"பெல்ட்டும் இல்ல, ஒரு மயிரும் இல்ல," என்றார் பாலுசாமி. இதுவரை அவர் அப்படிப் பேசிப் பொற்கொடி கேட்டதில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "கேன்சருங்க. கொடல வெட்டி வயித்துல வழி வெச்சிருக்குது. வெளிக்கிப் போறது பையில. இந்தா, இங்க. ஆறு மாசமா இவன் ஊருக்கெல்லாம் பொய் சொல்றான், நானும் மண்டைய ஆட்டிட்டு இருந்தேன். இப்பச் சொல்லுங்க. உங்க ஊடு பாக்க நான் வாரதா, இப்படியே திரும்பிப் போறதா?"

பாலகோபால் ஒரு கணம் முழித்தார். "அட என்னங்க மாமா. நானு என்னமோ நகைய வயித்துல கட்டிட்டு வந்து மாட்டிக்கிட்டீங்களோன்னு பயந்துபோட்டேன். ஒடம்புன்னா எதுவும் வரும். எங்கக்கா பையனுக்குப் பொண்ணுதான வேணும், உங்க கொடலா வேணும்? நான் போய்க் காப்பி வாங்கீட்டு வாரேன். உங்களுக்குச் சக்கரை போடலாமுங்களா?"

"அரைச் சக்கரை," என்றார் பாலுசாமி.

இவ்வளவுதானா, என்று பொற்கொடிக்கு இன்னும் கோபம் ஏறியது. இந்த அரைச் சக்கரைக்குத்தான் ஆறு மாதப் பொய்யா? அதற்குத்தான் கடிதத்தை ஒளித்தார்களா?

வெளியூர் போகும்போது தன் தோள்பையிலும் ஒரு செட் வைத்துக்கொள்வாள். வீட்டு ஆட்களை நம்பி ஒருமுறை ரயிலில் பழந்துணியைக் கிழித்துக் கட்ட வேண்டி வந்ததிலிருந்து அந்தப் பழக்கம். சக்கர நாற்காலி போகும்படியான அகலக் கழிப்பறை பக்கத்திலேயே இருந்தது. நாற்காலியை அதற்குள் தள்ளிவிட்டுத் திரும்பினாள்.

"சார், நீங்களும் வாங்க."

"நானா? எனக்கு ஒரு போன்—"

"போனை அம்மணிகிட்டக் குடுங்க."

நந்திதா தானாகவே கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள்.

உள்ளே பொற்கொடி கதவைச் சாத்தினாள். கையுறை மாட்டி, அவனுக்கும் ஒரு ஜோடி கொடுத்தாள். பழைய பையைக் கழற்றினாள். பிளேட்டைத் தோலோடு இழுக்காமல், தோலை அழுத்திப் பிடித்து மெதுவாக உரித்தாள். சிவப்பாக, ஈரமாக, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிதாகக் குடலின் வாய் தெரிந்தது. கிருபாசங்கர் சுவரைப் பார்த்தான்.

"இங்க பாருங்க."

பார்த்தான்.

"வலிக்குமாப்பா?" என்று கேட்டான். ஆறு மாதத்தில் முதல்முறை.

"அங்க வலிக்காது," என்றார் பாலுசாமி.

"இதப் புடிங்க," என்று பழைய பையை அவன் கையில் கொடுத்தாள் பொற்கொடி. "மூஞ்சியச் சுளிக்காதீங்க, அவரு பாக்கறாரு. கவர்ல போட்டு ரெண்டு முடிச்சுப் போடுங்க. இன்னும் இறுக்கமா." சுற்றிலும் சிவந்திருந்த தோலை ஈரப் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, பவுடர் தூவி, புதுப் பிளேட்டை வைத்துக் கையின் சூட்டில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தாள். கையை எடுத்து அவன் கையை இழுத்து அதன்மேல் வைத்தாள். "நீங்க அழுத்துங்க. நூறு எண்ணுங்க."

அவன் உதட்டுக்குள் எண்ணினான். எழுபதில் அவன் கண் கலங்கியது. பொற்கொடிக்கு அது ஒன்றும் செய்யவில்லை. கலங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறாள். கலங்கிவிட்டு மறுநாள் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போவார்கள்.

"நூறு," என்றான்.

"சரி. கையுறையக் கழட்டிட்டுக் கையச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. இப்பச் சொல்றதக் கேட்டுக்கோங்க சார். மும்பையில நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் பையக் காலி பண்ணிக் கழுவறது நீங்க. நாலாம் நாள் பிளேட்டு மாத்தறதும் நீங்கதான். நான் பக்கத்துல நின்னு சொல்லித் தாரேன். வரலைன்னா அடுத்த விமானத்துல நான் ஊருக்குப் போயிருவேன். ஏஜென்சிக்காரங்ககிட்ட நானே பேசிக்கறேன்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பாலுசாமி குறுக்கிட்டார்.

"வருவான். ஆனா அம்மணி, மொதல்ல அவன நகத்த வெட்டச் சொல்லு. இப்ப அழுத்தறேன்னு கையுறையோடயே குத்திப்போட்டான்."

கிருபாசங்கர் குழாய்க்கடியில் நீட்டிய கைகளைத் திருப்பிப் பார்த்தான்.

வெளியே மும்பை விமானத்துக்கு அழைப்பு ஒலித்தது. பொற்கொடி பாலுசாமியின் சட்டைப் பித்தான்களைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். நாற்காலியின் பிரேக்கை விடுவித்துவிட்டு, தள்ளாமல் ஒதுங்கி நின்றாள்.

"என்ன?" என்றான் கிருபாசங்கர்.

"நீங்க தள்ளுங்க," என்றாள்.